எண்ணெய் என்னும் ஆயுதம் - 1973 சொல்லும் பாடம்

1973-ம் ஆண்டு நவம்பர் மாதம். நெதர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கார் ஓட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. காலியாகக் கிடந்த நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிள் விட்டார்கள், சறுக்கு விளையாடினார்கள், சிலர் குதிரையில் வலம் வந்தார்கள். அதே மாதம் டில்லியில், பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து ஜனசங்கத் தலைவர் வாஜ்பாய் மாட்டு வண்டியில் பாராளுமன்றத்துக்கு வந்தார்.

இரண்டு காட்சிகளுக்கும் காரணம் ஒன்றுதான். அரபு நாடுகள் கச்சா எண்ணெயை ஆயுதமாகக் கையில் எடுத்திருந்தன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நெதர்லாந்து இஸ்ரேலை ஆதரித்ததால் தடைப் பட்டியலில் இடம் பெற்ற நாடு. இந்தியாவோ பாலஸ்தீனப் பிரச்சினையில் தொடக்கம் முதலே அரபு நாடுகளின் பக்கம் நின்ற நாடு. எதிரிக்கும் அடி, நண்பனுக்கும் அடி! இதில் அதிக நாள் வலித்தது யாருக்கு என்று பார்த்தால், விடை ஆச்சரியமாக இருக்கும்.

முதலில் ஆயுதம் யார் கையில் இருந்தது?

எண்ணெயை ஆயுதமாக்கியது அரபு நாடுகள்தான் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மையில் அதை முதலில் பயன்படுத்தியது மேற்கத்திய நாடுகள்தான்.

1951-ல் ஈரான் தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. பிரதமர் முகமது மொசாடெக் எடுத்த இந்த முடிவால், அதுவரை ஈரான் எண்ணெயை எடுத்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் நிறுவனம் வெளியேற வேண்டியதாயிற்று. பிரிட்டன் சும்மா இருக்கவில்லை. ஈரான் எண்ணெயை யாரும் வாங்கக் கூடாது என்று தடுத்தது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதற்கு ஒத்துழைத்தன. உலகச் சந்தையில் பற்றாக்குறை வந்ததா என்றால் இல்லை. குவைத், சவூதி அரேபியா, ஈராக் ஆகிய நாடுகளில் கூடுதலாக எண்ணெய் எடுத்து ஈடுகட்டிவிட்டார்கள். ஈரானின் வருமானம் மட்டும் வறண்டது. 1953 ஆகஸ்டில், அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் உதவியோடு நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில் மொசாடெக் பதவி இழந்தார்.

அடுத்தது 1956. சூயஸ் கால்வாயை எகிப்து நாட்டுடைமை ஆக்கியதும், இஸ்ரேலுடன் சேர்ந்து பிரிட்டனும் பிரான்சும் படையெடுத்தன. கால்வாயில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சிரியா வழியாக வந்த குழாய்ப்பாதை தகர்க்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு எண்ணெய் வருவது திணறியது. அமெரிக்கா கைகொடுக்கும் என்று லண்டனும் பாரிசும் எதிர்பார்த்தன. ஆனால் அதிபர் ஐசனோவர், படைகள் வெளியேறினால்தான் எண்ணெய் என்று இருந்துவிட்டார். டிசம்பர் மாதத்துக்குள் படைகள் வெளியேறின. சொந்தக் கூட்டாளிகளையே எண்ணெயைக் காட்டிப் பணிய வைத்தது அமெரிக்கா!

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. ஆயுதம் யாரிடம் எண்ணெய் இருக்கிறதோ அவர்களிடம் இல்லை. தேவைப்பட்டால் உடனே அதிகமாக எடுக்கக்கூடிய உபரித் திறன் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் இருந்தது. அந்த நாட்களில் அது அமெரிக்காவிடமும் அதன் நிறுவனங்களிடமும் இருந்தது.

ஒபெக் பிறந்த கதை

அன்றைக்குக் கச்சா எண்ணெயின் அறிவிப்பு விலையை முடிவு செய்தவர்கள் நிறுவனங்கள்தான். "ஏழு சகோதரிகள்" என்று அழைக்கப்பட்ட ஏழு பெரிய நிறுவனங்கள் உலக எண்ணெய் வணிகத்தைத் தங்கள் பிடிக்குள் வைத்திருந்தன. எண்ணெய் விளையும் நாடுகளுக்குக் கிடைத்த வரி, இந்த அறிவிப்பு விலையை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. அதாவது நிறுவனம் விலையைக் குறைத்தால் அரசின் கஜானாவில் பணம் குறையும்.

1959-லும், மறுபடி 1960 ஆகஸ்டிலும் நிறுவனங்கள் யாரையும் கேட்காமல் விலையைக் குறைத்தன. கோபம் கொண்ட ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுலா ஆகிய ஐந்து நாடுகள் 1960 செப்டம்பரில் பாக்தாத் நகரில் கூடின. அங்கே பிறந்ததுதான் ஒபெக். இதற்கு முக்கிய காரணமாக இருந்த இருவர், வெனிசுலாவின் பெரஸ் அல்ஃபோன்சோவும் சவூதியின் அப்துல்லா தாரிகியும். தங்கள் நிலத்திலிருந்து எடுக்கும் பொருளுக்கு விலை சொல்லும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. அதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

1967 - வெடிக்காத குண்டு

1967 ஜூன் மாதம் ஆறு நாள் போர் நடந்தது. இஸ்ரேலுக்கு உதவிய நாடுகளுக்கு எண்ணெய் இல்லை என்று அரபு நாடுகள் அறிவித்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் முக்கிய இலக்குகள். என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்கா தன் கிணறுகளில் கூடுதலாக எடுத்தது. வெனிசுலாவும் ஈரானும் விற்பனையைக் கூட்டிக்கொண்டன. நஷ்டம் அடைந்தது தடை போட்ட அரபு நாடுகள்தான். செப்டம்பர் தொடக்கத்தில் கார்ட்டூம் மாநாட்டில் தடையைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆனால் அடுத்த ஐந்தாறு வருடங்களில் நிலைமை தலைகீழாக மாறியது. அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970-ல் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. டெக்சாஸ் மாநிலத்தில் கிணறுகளுக்கு உற்பத்தி வரம்பு வைத்து, விலை விழாமல் பார்த்துக்கொள்வது பல வருட வழக்கம். 1972-ல் அந்த வரம்பு முழுவதுமாகத் தளர்த்தப்பட்டது. கிணறுகள் முழு வேகத்தில் ஓடியும் போதவில்லை. உபரி என்று சொல்ல அமெரிக்காவிடம் ஒன்றும் மிச்சமில்லை. அது இப்போது சவூதி பாலைவனத்துக்கு இடம் மாறியிருந்தது.

1973 அக்டோபர்

அக்டோபர் 6-ம் தேதி, யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று, எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல் வசமிருந்த பகுதிகளைத் தாக்கின. 1967-ல் இழந்த நிலத்தை மீட்பதே நோக்கம். சில நாட்களில் அமெரிக்கா விமானங்களில் இஸ்ரேலுக்கு ஆயுதங்களை அனுப்பத் தொடங்கியது.

அதன் பிறகு நடந்தவை மின்னல் வேகம். அக்டோபர் 16-ல் குவைத்தில் கூடிய வளைகுடா நாடுகள், நிறுவனங்களைக் கேட்காமல் தாங்களே விலையை 70 சதவீதம் உயர்த்தின. பேரல் ஒன்றுக்கு 3.01 டாலராக இருந்த அறிவிப்பு விலை 5.11 டாலர் ஆனது. மறுநாள் அரபு நாடுகள் மட்டும் தனியாகக் கூடி, மாதந்தோறும் 5 சதவீதம் உற்பத்தியைக் குறைப்பது என்று முடிவு செய்தன. அக்டோபர் 19-ல் அமெரிக்க அதிபர் நிக்சன், இஸ்ரேலுக்கு 220 கோடி டாலர் உதவி கேட்டுக் காங்கிரசுக்குக் கோரிக்கை அனுப்பினார். அடுத்த நாளே சவூதி மன்னர் ஃபைசல் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை அடியோடு நிறுத்தினார். நெதர்லாந்து, போர்ச்சுகல், தென்னாப்பிரிக்கா, ரொடீசியா ஆகிய நாடுகளும் தடைப் பட்டியலில் சேர்ந்தன.

நண்பன், நடுநிலை, எதிரி என்று நாடுகளைத் தரம் பிரித்து வைத்தார்கள். நண்பனுக்கு வழக்கம் போல எண்ணெய். நடுநிலை நாட்டுக்கு மாதா மாதம் குறையும் எண்ணெய். எதிரிக்கு ஒரு சொட்டும் கிடையாது. கேட்பதற்கு மிக நேர்த்தியான திட்டம்.

முதல் பலன் சீக்கிரமே தெரிந்தது. நவம்பர் 6-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகள், இஸ்ரேல் 1967-ல் பிடித்த நிலத்தை விட்டு விலக வேண்டும் என்று கூட்டறிக்கை விட்டன. எண்ணெய்க்கு முழுக்க முழுக்க வெளிநாட்டை நம்பியிருந்த ஜப்பானும் நவம்பர் 22-ல் அதே பக்கம் சாய்ந்தது. டிசம்பர் 22, 23 தேதிகளில் டெஹ்ரானில் நடந்த கூட்டத்தில் விலை 11.65 டாலர் ஆக உயர்த்தப்பட்டது. மூன்றே மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு!

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டெஹ்ரானில் இந்த விலை உயர்வுக்கு முன்னின்றவர் ஈரான் மன்னர் ஷா. அவர் அமெரிக்காவின் நெருங்கிய நண்பர். இஸ்ரேலுக்கு எதிரான தடையில் அவர் கலந்துகொள்ளவே இல்லை. அரசியலுக்காகத் தொடங்கிய விலையேற்றம் அதற்குள் தனி வியாபாரமாகிவிட்டது. தடை ஒரு பக்கம், விலை ஒரு பக்கம் என்று இரண்டும் தனித்தனி வழியில் போகத் தொடங்கிவிட்டன.

எதிரிக்கு எவ்வளவு வலித்தது?

அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை நின்றது. கார் எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பல மாநிலங்களில் பெட்ரோல் போட்டார்கள். நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு வந்தது. மக்கள் எரிச்சல் அடைந்தது உண்மை. ஆனால் தடை சொன்னபடி வேலை செய்ததா?

இங்கேதான் எண்ணெயின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் ஏற்றிய கச்சா எண்ணெய்க்கு முகவரி கிடையாது. அரபு எண்ணெய் அமெரிக்காவுக்குப் போகக் கூடாது என்றால், அதை ஜப்பானுக்கோ பிரான்சுக்கோ அனுப்பிவிட்டு, அங்கே போக வேண்டிய ஈரான், நைஜீரியா எண்ணெயை அமெரிக்காவுக்குத் திருப்பிவிடலாம். பெரிய நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. "எல்லோருக்கும் சமமாகத் துன்பம்" என்ற கணக்கில் இருந்ததைப் பங்கிட்டார்கள். முழுத் தடைக்கு உள்ளான நெதர்லாந்தும், நண்பன் என்று பெயர் வாங்கிய நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு பற்றாக்குறையைத்தான் சந்தித்தன. ஜனவரி 1974-ல் நெதர்லாந்து கொண்டுவந்த பெட்ரோல் கூப்பன் முறை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தடையும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஆகவே தடையால் யாரையும் தனியாகத் தண்டிக்க முடியவில்லை. தண்டித்தது விலைதான். விலையோ ஆள் பார்த்து அடிப்பதில்லை. யார் பையில் பணம் குறைவோ அவர்களுக்குத்தான் அடி பலமாக விழும்.

நண்பனுக்கு என்ன கிடைத்தது?

1973 முடிவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் இஸ்ரேலுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டன. அரபு நாடுகளுக்கு இதைவிடப் பெரிய அரசியல் ஆதரவு வேறென்ன? பதிலுக்குத் தங்களுக்குக் குறைந்த விலையில் எண்ணெய் வேண்டும் என்று அவை கேட்டன. தனி விலை கிடைக்கவில்லை. கடனும் உதவி நிதியும்தான் கிடைத்தன.

இந்தியாவின் கதையும் அதுதான். அப்போது இந்தியா தன் எண்ணெய்த் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. இந்தியாவில் அன்றைக்குக் கார் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். எண்ணெய் என்பது இங்கே ஏழை வீட்டு விளக்குக்கான மண்ணெண்ணெய். வயலில் ஓடும் பம்பு செட்டுக்கான டீசல். யூரியா ஆலைகளுக்கான மூலப்பொருள். அமெரிக்கரைப் போல வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க இங்கே என்ன இருக்கிறது? விளக்கை அணைக்கலாம், அல்லது வயலுக்கு நீர் பாய்ச்சாமல் இருக்கலாம். அவ்வளவுதான்.

1974-ல் இந்தியாவின் எண்ணெய் இறக்குமதிச் செலவு முந்தைய ஆண்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. ஏற்கெனவே 1972-ன் வறட்சியால் உணவுப் பொருள் விலை ஏறியிருந்தது. அதோடு இதுவும் சேர்ந்துகொள்ள, 1974-75-ல் மொத்த விலைவாசி 25 சதவீதம் உயர்ந்தது. எண்ணெய் விலையேற்றத்தால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாடுகள் என்று ஐ.நா. சபை ஒரு பட்டியல் போட்டது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை என நான்கு நாடுகளும் அதில் இருந்தன. அமெரிக்கா அதில் இல்லை. நெதர்லாந்தும் இல்லை!

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், உதவி வராமல் இல்லை. ஈரானும் ஈராக்கும் இந்தியாவுக்குக் கடனாக எண்ணெய் தந்தன. வளைகுடாவில் குவிந்த பணத்தால் அங்கே கட்டிடங்களும் சாலைகளும் எழுந்தன. அந்த வேலைகளுக்குக் கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் பல குடும்பங்கள் தலையெடுத்தன. 1974 பிப்ரவரியில் "சாகர் சாம்ராட்" என்ற துளையிடும் மேடை பம்பாய் ஹையில் எண்ணெயைக் கண்டுபிடித்ததும் நல்ல செய்தி. ஆனால் இதெல்லாம் பிறகு வந்த மருந்து. முதலில் விழுந்த அடி விழுந்ததுதான்.

சாதித்தது என்ன?

1974 மார்ச் 18-ல் பெரும்பாலான அரபு நாடுகள் அமெரிக்கா மீதான தடையை விலக்கிக்கொண்டன. அதற்குள் கிசிஞ்சரின் முயற்சியால் எகிப்து, இஸ்ரேல் படைகள் விலகி நிற்க ஜனவரி 18-ல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி இருந்தது. சூயஸ் கால்வாய்க் கரையிலிருந்து இஸ்ரேல் பின்வாங்கியது. மே மாத இறுதியில் சிரியாவுடனும் ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கா இவ்வளவு அக்கறையாக ஓடியாடியதற்கு எண்ணெய் நெருக்கடி ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மன்னர் ஃபைசலின் மனதில் முதலிடம் பெற்றிருந்த கிழக்கு ஜெருசலேம் திரும்பி வரவில்லை. பாலஸ்தீனர்களுக்கு ஓர் அங்குல நிலமும் கிடைக்கவில்லை.

தடை போனது. விலை மட்டும் போகவில்லை. சவூதியின் எண்ணெய் வருமானம் ஒரே ஆண்டில் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆனது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி மேற்கத்திய வங்கிகளில் போடப்பட்டது. வங்கிகள் அதைத்தான் வளரும் நாடுகளுக்குக் கடனாகக் கொடுத்தன. எண்ணெய் வாங்கப் பணமில்லாத நாடு, எண்ணெய் விற்ற பணத்தையே வட்டிக்கு வாங்கியது. அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறியபோது இந்தக் கடன்கள் கழுத்தை நெரித்தன. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கைவிரித்தபோது தொடங்கிய கடன் நெருக்கடி, லத்தீன் அமெரிக்காவையே பல வருடங்களுக்கு முடக்கிப் போட்டது.

பணக்கார நாடுகள் சுதாரித்துக்கொண்டன. 1974 நவம்பரில் சர்வதேச எரிசக்தி முகமை பாரிசில் தொடங்கப்பட்டது. அவசரத்துக்கு எண்ணெயைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு வந்தது. பிரான்ஸ் அணுமின் நிலையங்களைக் கட்டிக் குவித்தது. வட கடலிலும் அலாஸ்காவிலும் எண்ணெய் எடுத்தார்கள். கார்கள் சிறியதாயின. ஏழை நாடுகளுக்கு இந்த வசதிகள் எதுவும் உடனே சாத்தியமில்லை.

திரும்பி வந்த அடி

1979-ல் ஈரான் புரட்சியால் விலை மறுபடி எகிறியது. ஆனால் அதிக விலையே ஒபெக்குக்கு எதிரியானது. 1973-ல் உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் வைத்திருந்த ஒபெக்கின் பங்கு, 1985-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. விலையைத் தாங்கிப் பிடிக்க சவூதி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே போனது. நாளொன்றுக்கு ஒரு கோடி பேரல் எடுத்த நாடு, 1985 நடுவில் சுமார் 25 லட்சம் பேரலுக்கு வந்துவிட்டது. பொறுமை இழந்த சவூதி, இழந்த சந்தையைப் பிடிக்கக் குழாயைத் திறந்துவிட்டது. 1986-ல் விலை 10 டாலருக்கும் கீழே சரிந்தது.

இந்த முறை அடிபட்டது யார்? எண்ணெய் விற்று தானியம் வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் கடும் நெருக்கடிக்கு உள்ளானது. அதோடு மெக்சிகோ, நைஜீரியா போன்ற நாடுகளும் சேர்ந்து விழுந்தன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில்கூட வங்கிகள் திவாலாயின. விலையை ஏற்றினாலும் சரி, இறக்கினாலும் சரி, குறி மட்டும் நேராக விழுவதே இல்லை.

2022-ல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகும் இதே கதைதான் நடந்தது. கடல் வழியாக வரும் ரஷ்யக் கச்சா எண்ணெயை 2022 டிசம்பர் 5 முதல் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. ஜி-7 நாடுகள் ரஷ்ய எண்ணெய்க்குப் பேரலுக்கு 60 டாலர் என உச்சவரம்பு வைத்தன. 1973-ல் நிறுவனங்கள் செய்ததைப் போலவே, எண்ணெய் திசை மாறிப் போனது. ஐரோப்பாவுக்குப் போன ரஷ்ய எண்ணெய் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் வந்தது. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் விலை 100 டாலரைத் தாண்டியபோது, சொந்தத் தவறுகளால் ஏற்கெனவே அந்நியச் செலாவணி தீர்ந்து தவித்துக்கொண்டிருந்த இலங்கையில் மக்கள் எரிபொருளுக்காக நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். வரிசையிலேயே உயிரை விட்டவர்களும் உண்டு. உக்ரைன் போருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

முடிவாக...

பலவீனமான நாடுகள் தங்கள் நியாயத்தைக் கேட்க வைக்க எண்ணெய் ஒரு வழியாக இருந்தது என்பது உண்மை. 1960-க்கு முன் அந்த நாடுகளின் குரலைக் கேட்க ஆளில்லை. 1973-க்குப் பிறகு உலகமே காது கொடுத்தது. அந்த வகையில் அது ஒரு வெற்றிதான்.

ஆனால் அந்த வெற்றிக்கான செலவைக் கட்டியவர்கள் வாஷிங்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இல்லை. இருட்டில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற குடும்பங்களும், உரம் வாங்க முடியாத விவசாயிகளும்தான் அதைக் கட்டினார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அடுத்த முறை ஏதாவது ஒரு நாடு எண்ணெயை வைத்து இன்னொரு நாட்டுக்குப் பாடம் கற்பிக்கப் போவதாகச் செய்தி வந்தால், அந்தப் பாடத்துக்கு யார் கட்டணம் கட்டப் போகிறார்கள் என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டியிருக்கிறது.